மறுமொழி: ஆர்ட் ஹவுஸ் ஆக்ஷன் த்ரில்லர் - தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம் நண்பர்களே,

இந்த இழையை முதலிலிருந்து சும்மா வாசித்துக்கொண்டுதான் வந்தேன். "கலைக்கூட அதிரடித் திகில்" என்ற முன்மொழிவைப் பார்த்தபிறகு வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

> ஆர்ட் என்றால் கலை, ஹவுஸ் என்றால் கூடம். இதில் என்ன சிக்கல்?

அந்த ஹவுஸ் படத்தில் இல்லை, படம் ஓடிய கொட்டகையில் இருக்கிறது, அதுதான் சிக்கல். அமெரிக்காவில் வெளிநாட்டுப் படங்களைத் திரையிட்ட சின்ன அரங்குகளுக்கு வந்த பெயர் அது. 1950களில் அந்த அரங்குகள் பெருகின, அப்புறம் அங்கே ஓடிய படங்களுக்கே பெயர் ஒட்டிக்கொண்டது. நம் இலக்கணத்தில் இதற்கு இடவாகுபெயர் என்று பெயரே இருக்கிறது. ஆகுபெயரைப் பிய்த்துப் பிய்த்து மொழிபெயர்த்தால் கைப்பேசியில் படம் பார்க்கிறவர் கூடத்தைத் தேட வேண்டியதுதான்.

பெயர் வைக்க வேண்டியது அந்தப் படம் நடந்துகொள்ளும் விதத்துக்கு. பிரெஞ்சு இயக்குநர் மெல்வில் 1967இல் எடுத்த 'ல சாமுராய்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கூலிக்குக் கொலை செய்பவனின் கதை, ஆனால் முதல் பத்து நிமிடம் போல யாரும் பேசுவதே இல்லை. படுக்கையில் கிடந்து புகைக்கிறான், கண்ணாடி முன் தொப்பியைச் சரிசெய்கிறான், காரைத் திருட உட்கார்ந்து ஒரு கொத்துச் சாவியை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிறான், நாமும் கூடவே காத்திருக்கிறோம். கதை சுத்தமான குற்றக்கதைதான், மாறியிருப்பது அதன் நடை. இந்தச் சொல்லை ஏன் யாரும் எடுக்கவில்லை என்று தெரியவில்லை. எழுத்துக்கும் நடை உண்டு, ஆளுக்கும் உண்டு, தாளத்துக்கும் உண்டு. பாணி, வேகம் இரண்டும் அதற்குள் அடக்கம். ஆகவே கலைநடை. (கலைப்படம் வேண்டாம். அந்தச் சொல் வணிகப்படத்துக்கு எதிர்ச்சொல்லாகப் பழகிவிட்டது, துப்பாக்கியோடு அதைச் சேர்த்தால் ஒட்டாது.)

> த்ரில்லருக்குத் திகில் பழகிய சொல்தானே?

பேய்ப்படத்துக்குப் பழகிய சொல். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலைக் காட்டி, த்ரில்லருக்கு 'அச்சம்' என்று எழுதிய நண்பருக்கும் இதே பதில்தான். அங்கே அச்சத்துக்குச் சொல்லும் காரணங்கள் நான்கு: அணங்கு (பேய், தெய்வம் போன்றவை), விலங்கு, கள்வர், இறை (அரசன்). பேய்ப்படம் அணங்கின் கீழ் வரும், நாம் பெயர் தேடும் படங்கள் கள்வரின் கீழ் வரும், இரண்டையும் அச்சம் என்றால் பிரித்ததாகாது. ஆங்கிலத்தில் த்ரில் என்பதற்குப் பழைய பொருள் துளைப்பது, நாஸ்ட்ரில் (மூக்குத்துளை) என்பதன் பின்பாதிகூட அதே வேர்தான். நமக்கு அந்த வேர் தேவையில்லை, பார்ப்பவருக்கு என்ன ஆகிறதோ அது போதும். பதைக்கிறது. பதைபடம்.

படமா பதைக்கிறது, பார்ப்பவர்தானே என்று யாராவது கேட்பீர்கள். சுடுகாட்டில் காடா சுடுகிறது? வினைத்தொகை இதையெல்லாம் தாங்கும். ஒற்று மட்டும் மிகாது, 'பதைப்படம்' என்று எழுதிவிடாதீர்கள். அதிரடி இருக்கட்டும், அதில் கைவைத்தால் நம்மை யாரும் மதிக்க மாட்டார்கள்.

என் முக்கியமான வேண்டுகோள் வேறு. மூன்றையும் சேர்த்து ஒரே கலைச்சொல் ஆக்க வேண்டாம். படங்களின் பட்டியலில் 'வகை: அதிரடிப் பதைபடம்' என்று ஒரு புலம், 'நடை: கலைநடை' என்று இன்னொன்று. இரண்டையும் குழப்பினால் என்ன ஆகும் என்பதற்கு 2011இல் வந்த 'டிரைவ்' நல்ல உதாரணம். கான் விழாவில் சிறந்த இயக்குநர் விருது வாங்கிய படம், தொடக்கத் துரத்தலிலேயே கார் பாதி நேரம் விளக்கை அணைத்துக்கொண்டு பதுங்கிக் கிடக்கும். ட்ரைலரை நம்பி, கார்கள் பறக்கும் என்று போன ஒருவர் மிச்சிகனில் விநியோகஸ்தர் மீது வழக்கே போட்டுவிட்டார். எனக்கு அவர்மேல் கொஞ்சம் பரிவுதான். வகை சரியாகத்தான் சொல்லப்பட்டது, நடையை யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

'பதைபடம்' காதுக்கு இடிக்கிறது என்பவர்கள் மாற்றோடு வாருங்கள், பேசலாம். நியோ-நுவார் என்ற இருண்ட குற்றப்பட வகையைத் தயவுசெய்து இந்த இழைக்குள் இழுக்காதீர்கள், அதற்குத் தனி மடல் போடுகிறேன்.