தெரு குழுவில் இரண்டு அட்மின்களை இறக்குவது எப்படி?

கொருக்குப்பேட்டை வாசி:
2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் தெருவில் முட்டியளவு தண்ணீர். பால் எங்கே கிடைக்கும், படகு எந்தப் பக்கம் வருகிறது என்று சொல்லத்தான் வாட்ஸப் குழு ஆரம்பித்தோம். இப்போது 212 பேர். அட்மின் நான்கு பேர், நானும் ஒருவன். ஒருத்தர் காலையில் எழுந்ததும் மனை விளம்பரம் போடுகிறார். இன்னொருத்தர், "தண்ணி லாரி ஏன் வரல?" என்று கேட்ட மீன்கார அக்காவை ராத்திரி பதினொன்றரைக்குத் தூக்கிவிட்டார். அந்த அக்காதான் வெள்ளத்தில் எங்கள் வீட்டுக்குக் கஞ்சி கொடுத்தனுப்பியவர். என்ன செய்யலாம்?

தண்டையார்பேட்டை தம்பி:
குழுத் தகவலில் அவர் பெயரைத் தொடுங்கண்ணா. அட்மின் பொறுப்பிலிருந்து நீக்க வழி வரும். ஆள் குழுவில் இருப்பார், அதிகாரம் மட்டும் போகும். ஆனால் குழுவை ஆரம்பித்தவரை யாரும் இறக்க முடியாது, அவராக வெளியேறினால்தான் உண்டு.

ராயபுரம் அக்கா:
முதலில் டீக்கடையில் பேசிப் பாருங்க. சொல்லாமல் ஒருத்தரை இறக்கினால் இன்னொருத்தர் முந்திக்கொண்டு உங்களை இறக்கிவிடுவார். எங்கள் கேரம் கிளப்பில் அதுதான் நடந்தது.

கொருக்குப்பேட்டை வாசி:
பேசினேன். மனைக்காரர் சிரித்துக்கொண்டே ஒதுங்கிவிட்டார். மற்றவர்தான் குழுவை ஆரம்பித்தவராம், மறந்தே போச்சு! சரி, புதுக் குழு போட்டாச்சு. முதல் ஆள் மீன்கார அக்கா.