ராபர்ட் ஸ்டிக்ட் என்ற சுரங்க முகாமையாளரின் வாழ்வையும் மரணத்தையும் எவ்வாறு எழுதுவது?

கேள்வி – ஹட்டன் ஆசிரியை

எங்கள் பாடசாலை வரலாற்று மன்றத்துக்காக, தோட்டத் துரைமாரின் காலத்தில் வேறு நாட்டு மலையொன்றை ஆண்ட முகாமையாளர் ஒருவரைப் பற்றி எழுதி வருகிறேன். அவுஸ்திரேலியாவின் தீவு மாநிலமான டாஸ்மேனியாவின் குவீன்ஸ்டவுன் நகரில் இயங்கிய மவுண்ட் லயல் செம்புச் சுரங்க நிறுவனத்தின் பொது முகாமையாளர் ராபர்ட் கார்ல் ஸ்டிக்ட் என்பவரே அவர். 1856இல் அமெரிக்காவின் ஹோபோகனில் பிறந்து, ஜெர்மனியின் கிளவுஸ்தாலில் உலோகவியல் கற்று, அமெரிக்க மேற்கு மாநிலங்களின் உருக்காலைகளில் பணியாற்றிய பின் 1895இல் டாஸ்மேனியா சென்றார். 1897இல் பொது முகாமையாளரானார். 1922 ஏப்ரலில் லோன்சஸ்டனில் இறந்தார்.

ஆண்டுகளை அடுக்குவதில் சிரமமில்லை. ஒரு புறம் அவர் உலகறிந்த உலோகவியலாளர். மறுபுறம், அவர் காலத்தில் குவீன்ஸ்டவுனைச் சூழ்ந்த மலைகள் புல்லும் இல்லாத வெறும் பாறையாயின. 1912இல் அவர் நிறுவனத்தின் சுரங்கமொன்றில் நாற்பத்திரண்டு தொழிலாளர் மாண்டனர். இவ்விரண்டையும் தனித்தனி அத்தியாயங்களாகப் பிரித்தால் மாணவர்கள் ஒன்றைப் புகழ்ந்து மற்றதைப் பழித்துவிட்டுப் போய்விடுவார்கள் என்று அஞ்சுகிறேன். உங்கள் கருத்துகளை அறிய விரும்புகிறேன்.

பதில் 1 – கண்டி, ஓய்வுபெற்ற இரசாயனவியல் விரிவுரையாளர்

ஆசிரியை அவர்களுக்கு, இரண்டையும் பிரிக்க முடியாது என்பதை அவருடைய உலையே காட்டும். மவுண்ட் லயலின் தாதுவில் செம்பு சொற்பம். இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட்டே மிகுதி. பொதுவான முறையில் உருக்குவதாயின், கந்தகத்தைப் பெருமளவு முதலில் வறுத்துப் போக்கிவிட்டுப் பின்னர் விலை கொடுத்து வாங்கிய கோக் கரியை எரித்தாக வேண்டும். அந்த மழைக்காட்டு மலைக்குக் கரி கொண்டுவரும் செலவைச் சிறு செம்பு தாங்காது. ஸ்டிக்ட் செய்தது என்னவென்றால், பலமான காற்றை ஊதித் தாதுவிலுள்ள கந்தகத்தையும் இரும்பையுமே எரிபொருளாக்கியது. அவை எரியும் வெப்பத்தில் தாது உருகும். இரும்பு, மணலின் மூலப்பொருளான சிலிக்காவோடு சேர்ந்து கசடாகப் பிரியும். செம்பு அடியில் செறிந்து திரளும். கோக்கின் தேவை மிகச் சிறிதளவாகக் குறைந்தது.

ஆனால் எரிந்த கந்தகம் எங்கே போகும்? கந்தகவீரொட்சைட்டாகப் புகைபோக்கியிலிருந்து பள்ளத்தாக்கில் இறங்கியது. எந்தக் கந்தகம் நிறுவனத்தைக் காப்பாற்றியதோ, அதே கந்தகம்தான் மலையின் பச்சையைக் கொன்றது. விறகுக்கும் சுரங்க முட்டுக்கும் மரங்கள் வெட்டப்பட்டன. எஞ்சிய புதர்கள் தீயில் கருகின. மீண்டும் துளிர்க்க வந்ததைப் புகை பொசுக்கியது. அதன் மேல் ஆண்டுக்கு 2,000 மில்லிமீற்றரைத் தாண்டும் மழை மேல்மண்ணை வழித்துக்கொண்டு போயிற்று. வட்டவளையின் மழையை அறிந்த உங்கள் மாணவர்களுக்கு, வேர் இல்லாத சரிவில் அம்மழை என்ன செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை. நம் மலைகளிலும் காடு வெட்டப்பட்டதுதான். ஆயினும் தேயிலை வேர் மண்ணைப் பிடித்தது, கான் வெட்டி நீரைத் திருப்பினார்கள். அங்கே பிடிக்க எதுவும் மிஞ்சவில்லை.

நியாயமாக ஒன்றையும் சேர்க்க வேண்டும். 1914இல் மார்கரெட் ஏரியில் அந்நிறுவனம் நீர்மின் நிலையத்தைத் தொடக்கியது. நம் நாட்டிலோ பொறியியலாளர் விமலசுரேந்திர நீர்மின் பற்றிய தம் கட்டுரையை 1918இல்தான் வாசித்தார். லக்சபான நீர்மின் நிலையம் வேலை செய்யத் தொடங்கியதோ 1950இல்.

பதில் 2 – மஸ்கெலியா, தொழிற்சங்க ஊழியர்

விரிவுரையாளர் ஐயா உலையை விளக்கினார். நான் சுரங்கத்துக்கு வருகிறேன். 1903இல் மவுண்ட் லயல் நிறுவனமும் அயலிலிருந்த வடக்கு மவுண்ட் லயல் நிறுவனமும் இணைந்தன. வடக்குச் சுரங்கத்தின் தாதுவில் செம்பும் அதிகம், சிலிக்காவும் அதிகம். இரும்பைக் கசடாக்க ஸ்டிக்டின் உலைக்குத் தேவைப்பட்ட சிலிக்கா அங்கிருந்தே கிடைத்தது. 1912 ஒக்டோபர் 12ஆம் திகதி தீ மூண்டது அந்தச் சுரங்கத்தில்தான். 700 அடி மட்டத்திலிருந்த நீரிறைக்கும் அறை எரிந்து, அதன் நச்சுப் புகை கீழ்மட்டங்களில் பரவியது. நாற்பத்திரண்டு பேர் திரும்பவில்லை. அடியில் சிக்கியிருந்த இன்னும் பலர், நூறு மணித்தியாலங்களுக்கு மேல் கழிந்த பின்னரே உயிரோடு மீட்கப்பட்டனர்.

விசாரணை ஆணைக்குழு அமைந்தது. ஆனாலும் தீயின் காரணம் ஐயந்திரிபற நிறுவப்படவில்லை. எனவே, அவரைக் கொலையாளி என்று எழுதுவது வரலாறாகாது. ஆனால் தீ எப்படி மூண்டது என்பதும், மூண்ட பின் ஆட்கள் வெளியேற வழி இருந்ததா, மீட்புக் கருவிகள் அருகில் இருந்தனவா என்பதும் வேறு வேறு கேள்விகள். சுவாசக் கருவிகளைக் கடல் கடந்து விக்டோரியாவிலிருந்து வரவழைக்க வேண்டியிருந்தது. இரண்டாவது கேள்வி முகாமையாளரின் மேசைக்கு வந்தே தீரும். மாணவர்களிடம் இதையும் சொல்லுங்கள்: அங்கே 1912இலேயே தொழிலாளருக்குச் சங்கம் இருந்தது, அவர்கள் தரப்பை விசாரணையில் எடுத்துரைக்க ஆள் இருந்தது. நம் தோட்டங்களில் நடேசய்யர் 1931இல் சங்கம் அமைக்கும் வரை, லயத்தில் நடந்த மரணத்துக்குத் துரையின் பதிவேடே சாட்சி.

பதில் 3 – தெல்தோட்டை, ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை

மகள், எங்கள் பக்கத்து லூல்கந்துரவில் 1867இல் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர் தம் மலையிலேயே 1892இல் இறந்தார்; கண்டி மஹியாவை மயானத்தில் அடக்கம். அவர் கல்லறையைத் தேடிப் போகிறவர்கள் உண்டு. அவருடைய தோட்டத்தில் உழைத்து மண்ணோடு போனவர்களுக்குக் கல் ஏது? ஸ்டிக்டைப் பற்றி எழுதும்போது, அந்த நாற்பத்திரண்டு பேரை எங்கே புதைத்தார்கள் என்பதையும் மாணவர்களைத் தேடச் சொல்லுங்கள்.

ஹட்டன் ஆசிரியை

மூவருக்கும் நன்றி. கட்டுரையைக் கந்தகத்தில் தொடங்கி, வடக்குச் சுரங்கத்தின் சிலிக்கா வழியே 1912க்குச் செல்வதாக முடிவு செய்துள்ளேன். தனி அத்தியாயங்கள் இனித் தேவைப்படாது. மரணப் பகுதியில் மட்டும் ஒன்று மிஞ்சுகிறது. ஸ்டிக்ட் பழைய அச்சு ஏடுகளையும் சித்திரப் பிரதிகளையும் பெருமளவில் சேகரித்தவர். அவர் மறைந்தபின் அச்சேகரிப்பு ஃபெல்டன் அறக்கொடையின் பணத்தில் வாங்கப்பட்டு மெல்பேர்னுக்குச் சென்றது. அவர் காலத்து உருக்கு முறையும் 1920களில், அரைத்த தாதுவிலிருந்து செம்புத் துகள்களை நுரையில் மிதக்கவைத்துப் பிரிக்கும் மிதப்பு முறைக்கு இடம் கொடுத்தது. சேகரிப்பைப் பற்றிய பத்தியை மலைகளைப் பற்றிய பத்திக்கு அடுத்தே வைக்கிறேன். பெரியவர் சொன்ன தேடலை மாணவர்களின் செயற்றிட்டமாகக் கொடுக்கிறேன்.