தென்னங்குழியில கிடைச்ச கறுப்புக் கல்லு விண்கல்லா? உதவி பண்ணுங்க

தோட்டத்துக்காரன்:
வணக்கம்ங்க, சென்னிமலை பக்கம் எங்க காட்டுல தென்னை வைக்க குழி எடுத்தப்போ முழங்கால் ஆழத்துல இந்தக் கல்லு கிடைச்சுது, கறுப்பா நல்ல கனம், எடை போட்டா 1,840 கிராம், பழைய ஸ்பீக்கர் காந்தம் சில இடத்துல லேசா ஒட்டுது. பாக்க வந்த ஒருத்தர் வானத்துக் கல்லு, லட்சக்கணக்குல போகும், டெஸ்ட் பண்ண முதல்ல 20,000 கட்டணும்ங்கறார். கட்டலாமா?

கல்லுப்பித்து:
தயவுசெஞ்சு கட்டாதீங்க. காந்தம் ஒட்டறத மட்டும் வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, சேலம் கஞ்சமலையில கிடைக்கற மேக்னடைட்ங்கற இரும்புத் தாதுவும்தான் ஒட்டும். பீங்கான் கப்போட அடியில சொரசொரப்பான வளையத்துல தேய்ச்சுப் பாருங்க, கறுப்பு கோடு விழுந்தா மேக்னடைட், செங்கல் கலர்னா ஹெமடைட்ங்கற இன்னொரு இரும்புத் தாது, புது விண்கல்லு பெரும்பாலும் கோடே போடாது. அப்புறம் பக்கெட் தண்ணிய டிஜிட்டல் தராசுல வச்சு ஜீரோ பண்ணிட்டு கல்லை நூல்ல கட்டி அடி தொடாம முக்குங்க, எத்தனை கிராம் ஏறுதோ கல்லோட கன அளவு அத்தனை சிசி, எடையை அதால வகுத்தா அடர்த்தி.

தோட்டத்துக்காரன்:
கோடு விழலைங்க. 550 ஏறுச்சு, வகுத்தா 3.3 சொச்சம் வருது, சாதாரண விண்கல்லும் அந்த அளவுதான்னு படிச்சேன், கை நடுங்குதுங்க.

ராத்திரிவானம்:
அவசரப்படாதீங்க, அதே அடர்த்தியில வேற பொருளும் இருக்கு. 2008 செப்டம்பர்ல சூளகிரியில 110 கிலோ கிட்ட விழுந்துச்சே, அந்த மாதிரி விண்கல்லை உடைச்சா உள்ள சாம்பல் நிறமா நடுநடுவுல உலோகப் புள்ளி மினுங்கும், குமிழி ஓட்டை இருக்காது. ஒரு மூலைய உப்புத்தாள்ல தேய்ச்சுட்டு சொல்லுங்க.

தோட்டத்துக்காரன்:
புள்ளியே இல்ல, கறுப்பா கண்ணாடி மாதிரி இருக்கு, குண்டூசித் தலை அளவு ஓட்டை நிறைய. அதே குழியில இன்னும் நாலு சின்னத் துண்டு, சுட்ட மண் குழாய் உடைசல் ஒண்ணு, உள்ள கறுப்பு வெளிய சிவப்பா பானை ஓடும் கிடக்கு.

கல்லுப்பித்து:
அண்ணா, தோண்டறத உடனே நிறுத்துங்க! கல்லு இரும்பு உருக்குன கிட்டம், அதாவது உலையில மிஞ்சுன கழிவு, சித்த வைத்தியத்துல மண்டூரம்ங்கறது இதைத்தான். அந்தக் குழாய் துருத்திக் காத்து உலைக்குள்ள போறதுக்கு வச்சதா இருக்க நிறைய வாய்ப்பு இருக்கு. உங்களுக்குப் பக்கத்துல நொய்யல் கரை கொடுமணல்லயே பழைய இரும்பு உலை தோண்டி எடுத்திருக்காங்க, உங்க குழியும் அந்த மாதிரி இடமா இருக்கலாம். கிடக்கற இடத்துலயே பக்கத்துல ஸ்கேல் வச்சு போட்டோ எடுத்துட்டு விஏஓகிட்டயும் தொல்லியல் துறைக்கும் சொல்லுங்க.

தோட்டத்துக்காரன்:
தார்ப்பாய் போட்டு மூடிட்டேன், தென்னைய வாய்க்கா ஓரமா வச்சுக்கறோம். காலையில விஏஓவ பாக்கப் போறேன், குழாயைக் கையோட எடுத்துட்டுப் போகட்டுமா?

கல்லுப்பித்து:
வேண்டாம்ண்ணா, போட்டோ போதும், குழாய் கிடக்கற இடத்துலயே கிடக்கட்டும்.