சர்க்கரை நேரே கல்லீரலுக்குப் போகிறது. கொழுப்பு மட்டும் ஏன் நிணநீர் வழியாகச் சுற்றிப் போகிறது?

கார்முகில் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கொழுப்பின் அளவை அறிவதற்காகக் கடந்த வாரம் இரத்தம் கொடுத்தேன். உணவு உண்டு மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. இரத்தம் உறைந்தபின் பிரித்தெடுத்த நீர்ப்பகுதியான சீரம், தண்ணீரில் பால் ஊற்றியதுபோல் வெண்மையாகக் கலங்கியிருந்தது. அந்தக் குழாயை என்னிடம் காட்டி, பன்னிரண்டு மணி நேரம் உண்ணாமலிருந்து மீண்டும் வரும்படி கூறினார்கள். மறுநாள் எடுத்த சீரம் இளமஞ்சள் நிறத்தில் தெளிவாக இருந்தது.

முந்தைய நாள் நான் கண்ட அந்த வெண்மை எது? உண்ட எண்ணெய் அப்படியே இரத்தத்தில் கலந்துவிடுகிறதா? செரித்த உணவு குடலிலிருந்து வாயிற்சிரை வழியாகக் கல்லீரலுக்குச் செல்வதாகவும், கொழுப்பு மட்டும் நிணநீர் நாளங்களின் வழியாகச் செல்வதாகவும் பள்ளியில் படித்தேன். அந்த விதிவிலக்குக்கான காரணத்தை அன்றும் யாரும் விளக்கவில்லை. அறிந்தவர்கள் சற்று விரிவாக எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

தேன்சிட்டு எழுதியது:

வணக்கம், கார்முகில். செவிலியர் மாணவர்களுக்குப் பல ஆண்டுகள் உடலியங்கியல் கற்பித்தவள் என்ற முறையில், என்னிடம் மிக அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்விகளில் இதுவும் ஒன்று என்று சொல்வேன்.

கொழுப்பு நீரில் கரையாது என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால், மற்றவை ஒன்றன்பின் ஒன்றாக விளங்கிவிடும். உணவிலுள்ள கொழுப்பில் ஏறத்தாழ 95 விழுக்காடு ட்ரைகிளிசரைடு. அதாவது, ஒரு கிளிசரால் மூலக்கூறோடு மூன்று கொழுப்பு அமிலங்கள் இணைந்தது. அது சிறுகுடலின் தொடக்கப் பகுதிக்கு வந்ததும், குடற்சுவரிலிருந்து கோலிசிஸ்டோகைனின் என்னும் ஹார்மோன் சுரக்கிறது. அதன் ஏவலால் பித்தப்பை சுருங்கிப் பித்தநீரை வெளியேற்ற, கணையம் லைபேஸ் நொதியைச் சுரக்கிறது. பித்த உப்புகள் கொழுப்பைச் சிறு திவலைகளாக உடைத்து, அவை மறுபடி ஒன்றுசேராமல் பார்த்துக்கொள்கின்றன. இதில் ஒரு சிக்கல் உண்டு: திவலையின் மேற்பரப்பைப் பித்த உப்புகளே மூடிக்கொள்வதால் லைபேஸுக்கு அங்கே இடமில்லாமல் போகிறது. கோலைபேஸ் என்னும் சிறு புரதம் லைபேஸைத் திவலையோடு பிணைத்து வைத்திருப்பதால்தான் செரிமானம் நடக்கிறது. பித்தம்தான் கொழுப்பைச் செரிக்கிறது என்று பலர் எழுதுகிறார்கள். பித்தத்தில் கொழுப்பை வெட்டும் நொதியே கிடையாது.

லைபேஸ் மூன்று கொழுப்பு அமிலங்களில் இரண்டை வெட்டிவிட, எஞ்சுவது மோனோகிளிசரைடு. இவையெல்லாம் பித்த உப்புகளோடு சேர்ந்து, 4 முதல் 8 நானோமீட்டர் அளவுள்ள மைசெல்களாகின்றன. குடற்சுவரை ஒட்டி அசையாமல் நிற்கும் மெல்லிய நீர்ப்படலத்தைக் கொழுப்பு தானாகக் கடப்பது அரிது; மைசெல்களே அதைக் கரை சேர்க்கின்றன. செல்லின் சவ்வை அடைந்ததும் கொழுப்பு அமிலங்களும் மோனோகிளிசரைடும் உள்ளே செல்ல, பித்த உப்புகள் வெளியே தங்கிவிடுகின்றன. அவற்றில் சுமார் 95 விழுக்காடு சிறுகுடலின் இறுதிப் பகுதியில் மீண்டும் உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்குத் திரும்பி, அடுத்த வேளைக்குப் பயன்படுகின்றன.

இனி நடப்பது மாணவர்களை எப்போதும் வியக்க வைக்கும். இவ்வளவு பாடுபட்டு வெட்டிய துண்டுகளைக் குடற்செல் திரும்பவும் ட்ரைகிளிசரைடாக ஒட்டிவிடுகிறது. வீண் வேலையாகத் தோன்றலாம். ஆனால், முழு ட்ரைகிளிசரைடு சவ்வைத் தாண்டாது. துண்டுகளோ மிகுதியாகச் சேர்ந்தால் சோப்பைப்போல் சவ்வையே சிதைத்துவிடும். ஆகவே கடக்கும்போது துண்டுகளாகவும், பயணத்தின்போது முழு மூலக்கூறாகவும் இருப்பதே பாதுகாப்பு. ஒட்டிய கொழுப்பைச் சுற்றி பாஸ்போலிப்பிடும் ஏபோ பி-48 என்னும் புரதமும் உறையாக அமைகின்றன. உள்ளே கொலஸ்டிராலும் ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் உடன் பயணிக்கின்றன. இந்தப் பொதிக்குப் பெயர் கைலோமைக்ரான். நீங்கள் கண்ட வெண்மை இதுதான். உண்ட எண்ணெயே என்றாலும், பிரித்து மறுபடி கட்டப்பட்ட எண்ணெய்.

சுற்று வழிக்கான காரணம் அதன் அளவு. கைலோமைக்ரான்கள் பெரும்பாலும் 100 நானோமீட்டருக்கு மேற்பட்டவை. கொழுப்பு மிகுந்த உணவுக்குப் பின் 1000 நானோமீட்டர் வரைகூடப் பெருக்கும். குடற்சுவரில் விரல்போல் நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சியிலுள்ள இரத்தத் தந்துகிகளின் நுண்துளைகள் அதைவிடச் சிறியவை. போதாக்குறைக்கு அடித்தளச் சவ்வு வேறு தடுக்கிறது. ஆனால், ஒவ்வொரு குடலுறிஞ்சியின் நடுவிலும் இருக்கும் பால்குழல் என்னும் நிணநீர் நாளத்தின் செல்கள், பொத்தான் போட்ட சட்டையைப்போல் இடையிடையே மட்டும் இணைந்திருக்கின்றன. அந்த இடைவெளிகளில் கைலோமைக்ரான் நுழைந்துவிடுகிறது. எலிகளில் அந்த இணைப்புகள் ஜிப் போட்டதுபோல் இறுகும்படி மாற்றப்பட்டபோது, உண்ட கொழுப்பு பால்குழலுக்குள் புகவே முடியவில்லை.

8 முதல் 12 கார்பன்கள் கொண்ட நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள் இதற்கு விலக்கு. நீரோடு ஓரளவு ஒத்துப்போகும் அவற்றில் பெரும்பகுதி, பொதி கட்டப்படாமல் வாயிற்சிரை வழியாகவே கல்லீரலை அடைகிறது.

பனித்துளி எழுதியது:

தேன்சிட்டு அவர்களின் விளக்கத்துக்கு ஒரு சிறு சேர்க்கை. கொழுப்பின் செரிமானம் இரைப்பையிலேயே தொடங்கிவிடுகிறது. அங்கே சுரக்கும் லைபேஸ் அமிலத்திலும் வேலை செய்யும். அதற்குக் கோலைபேஸ் தேவையில்லை. வளர்ந்தவர்களில் அதன் பங்கு 10 முதல் 30 விழுக்காடு வரைதான் என்றாலும், கணையம் முழுமையாக முதிராத பச்சிளங் குழந்தைகளுக்கு அதுவே பெருந்துணை.

மேலும், கார்முகில் கண்ட அதே வெண்மைதான் பால்குழல்களைக் கண்டுபிடிக்கவும் காரணமாக இருந்தது. 1622-இல் இத்தாலிய மருத்துவர் காஸ்பாரே அசெல்லி, உணவுண்டிருந்த ஒரு நாயின் வயிற்றைத் திறந்தபோது குடலைச் சுற்றி வெண்ணிற இழைகளைக் கண்டார். முதலில் நரம்புகள் என்று எண்ணியவர், ஒன்றைக் கீறியதும் பால்போன்ற நீர் பெருகியதைக் கண்டு அவை நாளங்கள் என்று உணர்ந்தார். ஆனால், அவை கல்லீரலுக்கே செல்வதாக அவரும் நம்பினார். பிரெஞ்சு மருத்துவர் ழான் பெக்கே 1651-இல்தான், அந்த நீர் மார்பு நிணநீர் நாளத்தின் வழியாக மேலேறிக் கழுத்தருகே சிரையில் கலப்பதை வெளியிட்டார். உங்கள் பள்ளிப் பாடத்தின் அந்த ஒரு வரியை உறுதி செய்ய ஏறத்தாழ 30 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

கார்முகில் எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்னும் இரண்டு ஐயங்கள். இரத்தத்தில் சேர்ந்த அந்தப் பொதிகள் மறுநாளைக்குள் எங்கே மறைந்தன? என் தாயாருக்குப் பித்தப்பையை அகற்றியிருக்கிறார்கள். அவருக்குக் கொழுப்பு எப்படிச் செரிக்கிறது?

ஆலமரம் எழுதியது:

ஆய்வுக்கூடத்தில் பணிபுரிபவன் என்பதால், கலங்கிய சீரத்தை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

மார்பு நிணநீர் நாளம், இடது கழுத்தின் அடியில் சிரைகள் கூடுமிடத்தில் திறக்கிறது. அங்கிருந்து கைலோமைக்ரான்கள் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் போய், பிறகு உடலெங்கும் பரவுகின்றன. ஆகவே சர்க்கரையை முதலில் காண்பது கல்லீரல் என்றால், கொழுப்பை முதலில் காண்பவை தசையும் கொழுப்புத் திசுவும். அவற்றின் தந்துகிச் சுவரில் லிப்போபுரத லைபேஸ் என்னும் நொதி காத்திருக்கிறது. இரத்தத்தில் கொழுப்பைச் சுமக்கும் மற்றொரு வகைத் துகளான எச்டிஎல்லிடமிருந்து ஏபோ சி-2 என்னும் புரதத்தைப் பெற்றுவரும் கைலோமைக்ரான், அந்த நொதியைத் தூண்டித் தன் சுமையைத் தானே இறக்குகிறது. ட்ரைகிளிசரைடு இங்கே மறுபடியும் வெட்டப்படுகிறது. கொழுப்புச் செல்லுக்குள் மறுபடியும் ஒட்டப்படுகிறது. உண்டபின் சுரக்கும் இன்சுலின் கொழுப்புத் திசுவில் இந்த நொதியை மிகுவிக்கிறது. உண்ணாதபோது தசையிலும் இதயத்திலும் அதன் பங்கு ஓங்குகிறது. சுமை இறங்கிச் சுருங்கிய எச்சத்தை, ஏபோ ஈ என்னும் அடையாளத்தைக் கொண்டு கல்லீரல் எடுத்துக்கொள்கிறது. உணவுக்குப் பின் 3 அல்லது 4 மணி நேரத்தில் ட்ரைகிளிசரைடு உச்சத்தை எட்டும். நீங்கள் இரத்தம் கொடுத்தது அந்த நேரத்தில்தான். பன்னிரண்டு மணி நேரத்தில் கைலோமைக்ரான்கள் இயல்பாகவே நீங்கிவிடும்.

ஒரு தவறான முடிவுக்கு மட்டும் வந்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். சீரம் தெளிவாக இருந்தால் கொலஸ்டிரால் குறைவு என்று பொருளல்ல. இரத்தத்தில் கொலஸ்டிராலைச் சுமந்து செல்லும் எல்டிஎல் துகள்கள் 20 முதல் 25 நானோமீட்டர் அளவே உள்ளவை. அவை எவ்வளவு மிகுந்தாலும் கைலோமைக்ரானைப்போல் ஒளியைச் சிதறடித்துச் சீரத்தை வெளுக்க வைப்பதில்லை. எனவே எண்களைப் பாருங்கள். மாறாக, உண்ணாமலிருந்தும் சீரம் பால்போல் இருந்தால் அது கவனிக்க வேண்டியது. ட்ரைகிளிசரைடு டெசிலிட்டருக்கு 1000 மில்லிகிராமைத் தாண்டும்போது கணைய அழற்சிக்கான ஆபத்து கூடுகிறது. அத்தகையவர்கள் மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது.

தாயாரைப் பற்றி: பித்தநீரைச் சுரப்பது கல்லீரல், பித்தப்பை அதைச் செறிவாக்கிச் சேமிக்கும் பை மட்டுமே. அது இல்லாதபோது பித்தநீர் சிறிது சிறிதாகத் தொடர்ந்து குடலுக்குள் வடிகிறது. ஆகவே பெரும்பாலானவர்களுக்குக் கொழுப்பு நன்றாகவே செரிக்கும். ஒரே வேளையில் மிகுந்த கொழுப்பை உண்ணும்போது சிலருக்கு வயிற்றுப்போக்கு ஏற்படலாம் என்பதால், அளவைப் பிரித்து உண்பது உதவும். மலம் வெளிறி, எண்ணெய்ப் பசையோடு மிதந்து, எடையும் குறைந்துவந்தால் கொழுப்பு உறிஞ்சப்படவில்லை என்று ஐயப்பட வேண்டும். அவ்வாறு எதுவும் தென்பட்டால் அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.