சென்னை ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கம் பிளாட் வாங்கலாமா? தண்ணீர் நிலவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

பெரம்பூர்வாசி:

எல்லோருக்கும் வணக்கம். பெரம்பூரில் பன்னிரண்டு வருடமாக வாடகை வீட்டில் இருக்கிறோம். மனைவிக்கு வேலை சோழிங்கநல்லூரில். போக வர தினமும் மூன்று மணி நேரம் போய்விடுகிறது, அதனால் அந்தப் பக்கமே இரண்டு பெட்ரூமில் ஒரு பிளாட் பார்த்துவிடலாம் என்று போன மாதத்திலிருந்து அலைந்துகொண்டிருக்கிறோம். பெரும்பாக்கம், மேடவாக்கம், நாவலூர் எல்லாம் பார்த்தாயிற்று. எங்கே போனாலும் நீச்சல் குளத்தைக் காட்டுகிறார்கள், ஜிம்மைக் காட்டுகிறார்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் "போர்வெல் இருக்கு சார், கவலையே படாதீங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

2019 கோடையை நான் மறக்கவில்லை. பெரம்பூரிலேயே ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து அடிபம்பில் நின்றோம். மகளுக்கு அப்போது நான்கு வயது, தனியாக வீட்டில் விட முடியாமல் தூக்கிக்கொண்டு போவேன், குடம் வரிசைக்குப் பக்கத்தில் என் மனைவியின் மடியிலேயே தூங்கிவிடுவாள். இன்றைக்கும் யாராவது குழாயைச் சரியாக மூடாமல் விட்டால் ஓடிப்போய் மூடுவாள். இருபது வருடக் கடனில் வீடு வாங்கிவிட்டு மறுபடியும் அவளை அப்படி ஒரு வரிசையில் நிறுத்த எனக்கு மனமில்லை. அந்த வருடம் அந்தப் பக்கம் இருந்தவர்கள் யாராவது இருந்தால், நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்.

நாவலூர்_96:

நாவலூரில் 2014 முதல் சொந்த பிளாட். எங்கள் அசோசியேஷனில் தண்ணீர்ப் பொறுப்பு சரியாக 2019-இல் என் தலையில்தான் இருந்தது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் கணக்கைப் பாருங்கள். நகரத்தில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது அரசு வைத்திருக்கும் அளவு. எங்கள் வளாகத்தில் 96 வீடு, வீட்டுக்கு நாலு பேர் என்று வைத்தால் ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 52 ஆயிரம் லிட்டர். அதாவது 12 ஆயிரம் லிட்டர் லாரியில் நாலு லோடுக்கும் மேல். ஒரு நாளைக்கு! நீங்கள் பார்க்கும் இடத்தில் 400 வீடு என்றால் நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு மூன்று போர் இருந்தது. 2018 வடகிழக்குப் பருவமழை ஏமாற்றிவிட்டது. அடுத்த மார்ச்சில் ஒரு போர் வெறும் காற்றைத் தள்ளியது, ஏப்ரலில் இரண்டாவதும் போனது. மூன்றாவதில் காலையில் இருபது நிமிடம் வரும், அப்புறம் மோட்டாரை நிறுத்திவிட்டு நாலு மணி நேரம் ஊற விட வேண்டும். எல்லோரும் சண்டை போட்டு, பணம் பிரித்து, நாலாவதாக ஒரு போர் போட்டோம். 400 அடி வரைக்கும் பாறைதான். மாவு மாதிரி சாம்பல் நிறப் பொடி கிளம்பி வந்து காரில், செடியில், துணி காயப்போடும் கொடியில் எல்லாம் படிந்தது. அந்தப் பொடியில் ஒரு சொட்டு ஈரம் தெரிகிறதா என்று பால்கனியில் நின்று இரண்டு நாள் பார்த்துக்கொண்டே இருந்தோம். தெரியவே இல்லை.

அதற்குப் பிறகு முழுக்க லாரிதான். ஜனவரியில் 1,800 ரூபாய்க்கு வந்த லோடு ஜூனில் 4,500 ஆனது, அதுவும் சொன்ன நேரத்துக்கு வராது. காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் மட்டும் குழாயைத் திறந்தோம். வாஷிங் மெஷின் தண்ணீர், ஆர்.ஓ. மெஷின் தள்ளிவிடும் தண்ணீர் எல்லாவற்றையும் பக்கெட்டில் பிடித்து டாய்லெட்டுக்கு ஊற்றினோம். ராத்திரி சம்பில் (தரைக்கு அடியில் உள்ள தொட்டியில்) லாரித் தண்ணீர் விழும் சத்தம் கேட்டால்தான் எனக்குத் தூக்கமே வரும். எங்கள் சாலையில் இருந்த ஐ.டி. கம்பெனிகள் சிலதில் ஆட்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னார்கள். வீட்டில் மட்டும் தண்ணீர் எங்கே இருந்தது?

பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்று சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் நாலும் சேர்ந்து 11 டி.எம்.சி.க்குச் சற்று மேல் பிடிக்கும் (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி). அந்த ஜூனில் நாலுமே ஏறக்குறைய வற்றிவிட்டன. ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து முதல் ரயில் 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டரோடு வில்லிவாக்கம் வந்து சேர்ந்ததை நானும் டி.வி.யில் பார்த்தேன். அது காவிரித் தண்ணீர், குழாய் இணைப்பு உள்ள ஊருக்குப் போனது. எங்கள் பக்கம் ஊராட்சி, எங்களுக்குக் குழாயே கிடையாது. ஏரி நிரம்பியிருக்கிறது என்று செய்தி வந்தாலும் அது உங்கள் வீட்டுச் சம்புக்கு வர வழி இருக்கிறதா என்று கேட்காமல் நம்பிவிடாதீர்கள். ஒரே சாலையில் கொஞ்ச தூரம் மாநகராட்சி, அப்புறம் ஊராட்சி என்று மாறிக்கொண்டே வரும். அதைப் பத்திரத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

போய்ப் பார்ப்பதென்றால் ஏப்ரல் கடைசியில் அல்லது மே மாதத்தில் போங்கள். விற்பவரிடம் கேட்பதைவிட வாட்ச்மேனிடமும் பிளம்பரிடமும் கேளுங்கள். கேட்டில் லாரி வரும் நோட்டு ஒன்று இருக்கும், அதைப் பார்க்க விடமாட்டேன் என்றால் அதுவே பதில். வீட்டுக்கு வீடு மீட்டர் இருக்கிறதா என்றும் கேளுங்கள். நாங்கள் 2020-இல் மீட்டர் போட்டோம், போட்ட இரண்டே மாதத்தில் செலவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

கேணிமேடு:

நீங்கள் எல்லோரும் பேசும் அந்த லாரி எங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்துதான் வருகிறது. திருப்போரூர் பக்கம், ஊர் பெயர் வேண்டாம்.

அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர், ஒரு கிணறு, நாற்பது அடி. 2019 பங்குனியில் பக்கத்து நிலத்துக்காரர் போரில் மோட்டார் போட்டு லாரிக்குத் தண்ணீர் விட ஆரம்பித்தார். விடிகாலை மூன்று மணிக்கே வண்டிகள் வரிசை கட்டும். மண் ரோடு ஈரமாகவே இருக்கும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அந்தச் சேற்றில்தான் நடந்து போனார்கள். எங்கள் கிணற்றில் தண்ணீர் நின்ற மட்டத்துக்கு ஒரு பச்சைக் கோடு இருக்கும், பாசி. அந்தக் கோட்டுக்குக் கீழே முதலில் ஒரு படி தெரிந்தது, பத்து நாளில் இன்னொன்று. சித்திரை முடியும்போது அடியில் கிடந்த பழைய தவலை ஒன்று கண்ணில் பட்டது. என் பாட்டி காலத்தில் தவறி விழுந்ததாம். அந்த வருடம் சொர்ணவாரிப் பட்டத்துக்கு (சித்திரையில் தொடங்கும் நெல் போகம்) அப்பா நாற்றே விடவில்லை.

அந்தப் பக்கத்து நிலத்துக்காரரை நான் திட்டமாட்டேன். மூத்த பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருந்தார். ஒரு போகம் நெல் போட்டு எடுக்கும் காசை அவர் இரண்டு மூன்று வாரத்தில் தண்ணீரில் எடுத்தார், யாராயிருந்தாலும் யோசிப்பார்கள். ஆனால் எங்கள் அம்மா ஒரு கிலோமீட்டர் நடந்து குடத்தில் தண்ணீர் கொண்டுவரும்போது எதிரே ததும்பத் ததும்ப லாரி போகும். டேங்க் மூடி சரியாக இருக்காது, திருப்பத்தில் ரோட்டில் சிந்திக்கொண்டே போகும். எங்கள் அம்மா அதை நின்று பார்ப்பார். ஒன்றும் சொல்லமாட்டார். எனக்கு அதுதான் இன்னும் ஆறவில்லை.

பிளாட் வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. லாரியை நம்பி மட்டும் வாங்காதீர்கள்.

ஏரிக்கரை:

கேணிமேடு தம்பி சொன்னதற்குச் சட்டம் 1987-லேயே இருக்கிறது. சென்னையிலும் சுற்றியுள்ள குறிப்பிட்ட ஊர்களிலும் அனுமதி இல்லாமல் கிணறு தோண்டுவதற்கும் நிலத்தடி நீரை எடுத்து வண்டியில் விற்பதற்கும் கட்டுப்பாடு உண்டு. எழுதி முப்பது நாற்பது வருடமாகியும் விடிகாலை மூன்று மணி லாரியை அது நிறுத்தவில்லை.

நான் ஆதம்பாக்கத்தில் பிறந்து வளர்ந்தவன், வயது 67, பொதுப்பணித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஊரில் மழை குறைவு என்று எல்லோரும் சொல்வதை என்னால் ஏற்க முடியாது. சென்னைக்குச் சராசரியாக வருடத்துக்கு 1,400 மில்லிமீட்டர் மழை. மழை வரும், அது நிற்க இடம் இல்லை. தி.நகரே 1920-களில் மாம்பலம் ஏரியை வடித்து எழுப்பிய ஊர். வள்ளுவர் கோட்டம் நிற்பது நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில். உங்கள் பக்கத்துக்கு வந்தால் பள்ளிக்கரணை சதுப்பு நிலம். நான் பையனாக இருந்தபோது வேளச்சேரி தாண்டினால் தாம்பரம் ரோடு வரைக்கும் கோரையும் தண்ணீரும்தான். அதில் குப்பைக் கிடங்கு வந்தது, ரோடு வந்தது, கட்டிடம் வந்தது. மிச்சம் இருக்கும் ஏறக்குறைய 1,250 ஹெக்டேருக்கு 2022-இல் ராம்சார் அங்கீகாரம் (உலக அளவில் முக்கியமான சதுப்பு நிலம் என்ற அங்கீகாரம்) கிடைத்தது. தென்சென்னை ஏரிகள் பலவற்றின் உபரி நீர் அங்கே வந்து நின்று, நிலத்தில் இறங்கி, மிச்சம் ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போய்க் கடலில் சேர வேண்டும். அந்த நிற்கிற இடத்தில்தான் நாம் கார் பார்க்கிங் போட்டிருக்கிறோம். 2015 டிசம்பரில் முதல் மாடி வரைக்கும் தண்ணீர் நின்ற அதே தெருவில் 2019-இல் குடம் வரிசை நின்றது, இரண்டையும் நானே பார்த்தேன்.

அதனால் தம்பி, வாங்கப்போகும் இடத்தின் சர்வே எண்ணை வைத்து பழைய கிராம வரைபடத்தைப் பாருங்கள். ஏரி, தாங்கல் (சின்ன ஏரி), ஓடை, கழுவெளி (சதுப்பு நிலம்) என்று ஏதாவது பக்கத்தில் இருந்தால் நிதானமாக விசாரியுங்கள்.

இன்னொன்று, மாடி. மழைநீர் சேகரிப்பு 2003-லிருந்து எல்லாக் கட்டிடத்துக்கும் கட்டாயம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 6,000 சதுர அடி மொட்டை மாடி என்றால் சுமார் 557 சதுர மீட்டர், வருடத்துக்கு 7 லட்சத்து 80 ஆயிரம் லிட்டர். கால் பங்கு வீணானாலும் ஏறக்குறைய 50 லாரி. குழாய் தொட்டிக்குப் போகிறதா, தொட்டியில் ஜல்லி சுத்தமாக இருக்கிறதா, அல்லது மேலே ஒரு மூடியைப் போட்டு ஏமாற்றியிருக்கிறார்களா என்று மூடியைத் தூக்கிப் பாருங்கள். தூக்கித்தான் பார்க்க வேண்டும்.

கடல்நீர் ஆலைகள் வருகின்றனவே என்று யாராவது சொல்வார்கள். மீஞ்சூரில் 2010-லும் நெம்மேலியில் 2013-லும் வந்தவை தலா நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர், நெம்மேலியில் 2024-இல் இன்னொரு 15 கோடி சேர்ந்தது, பேரூரில் 40 கோடி லிட்டர் ஆலைக்கு வேலை நடக்கிறது. நல்லதுதான், வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அதற்கு மின்சாரம் வேண்டும், மிஞ்சும் உப்புத் தண்ணீர் மறுபடி கடலுக்குத்தான் போகிறது, பக்கத்துக் குப்பத்து மீனவர்கள் அதைப் பற்றிப் பேசுவதை யாரும் காதில் வாங்குவதில்லை. மேலே விழும் தண்ணீரை விட்டுவிட்டு அவ்வளவு தூரம் போக வேண்டுமா?

எட்டாவதுமாடி:

அண்ணா, நானும் பெரும்பாக்கம் பக்கம்தான். சைதாப்பேட்டையில் ஆற்றோரம் இருந்தோம், வெள்ளத்துக்கு அப்புறம் இங்கே வீடு கொடுத்து அனுப்பினார்கள். எட்டாவது மாடி. மேலே தண்ணீர் ஏறாத நாளில் கீழே வந்து பிடிக்க வேண்டும், லிப்ட் ஓடவில்லை என்றால் குடத்தை இடுப்பில் வைத்து ஏறுவேன், நாலாவது மாடியில் ஒரு தடவை இறக்கி வைத்து மூச்சு வாங்கிக்கொள்வேன். 2019-இல் ஒரு நாளைக்கு ஆறு குடம். குடிக்க கேன் தண்ணீர் தனி, அதற்குத் தனிக் காசு.

இங்கே கேட்டட் வளாகங்களுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு காம்பவுண்டு சுவர்தான், அடியில் இருக்கும் தண்ணீர் ஒன்றுதான். நீங்கள் ஆழமாகப் போர் போட்டால் எங்களுடையது இறங்கும், எங்களுக்குப் போட்டால் உங்களுடையது இறங்கும். நீங்கள் இந்தப் பக்கம் வந்தால் குழாய் இணைப்புக்காக மனு கொடுக்கும்போது எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் அண்ணா. நாங்கள் தனியாகக் கொடுத்த மனுவெல்லாம் அப்படியே இருக்கிறது.

பெரம்பூர்வாசி:

எல்லோருக்கும் நன்றி. மூன்று தடவை படித்தேன், மனைவிக்கும் படித்துக் காட்டினேன்.

நீங்கள் எல்லோரும் சொன்னபடி நேரில் பார்க்க, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கே, அட்வான்ஸ் கொடுக்கலாம் என்று நினைத்திருந்த இடத்துக்குப் போனேன். போகும்போதே கேட்டில் இரண்டு லாரி நின்றது. வாட்ச்மேன் நல்ல மனிதர், நோட்டைக் காட்டினார். இந்த மாதம் ஒரு நாள்கூட லாரி இல்லாமல் போகவில்லை, இத்தனைக்கும் பாதி வீட்டுக்கு இன்னும் ஆள் வரவில்லை. மழைநீர்த் தொட்டி மூடியைத் தூக்கச் சொன்னேன், அவரும் நானும் சேர்ந்து தூக்கினோம். உள்ளே கட்டிட வேலையில் மிஞ்சிய சிமெண்ட் இறுகிக் கிடக்கிறது. மாடிக் குழாய் தொட்டிப் பக்கமே வரவில்லை, நேராக ரோட்டுச் சாக்கடைக்குப் போகிறது. அந்த இடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மேடவாக்கம் பக்கம் 18 வீடுகள் மட்டும் உள்ள பழைய கட்டிடம் ஒன்றில் ஒரு பிளாட் விலைக்கு வருகிறது. ஜிம் கிடையாது, லிப்ட் சின்னது. பின்பக்கம் உறை கிணறு இருக்கிறது, மாடித் தண்ணீர் அதில் இறங்குகிறது, 2019-இலும் அது முழுசாக வற்றவில்லை என்று அங்கே இருக்கும் ஒரு அம்மா சொன்னார்.

எட்டாவதுமாடி தங்கச்சி, அங்கே வந்தாலும் வராவிட்டாலும் மனுவில் என் கையெழுத்தும் மனைவியின் கையெழுத்தும் உண்டு. எழுதும்போது இங்கே சொல்லுங்கள்.

நாவலூர்_96:

அந்த அம்மா சொன்னதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். கிணற்றில் கயிறு விட்டு இப்போது எத்தனை அடியில் தண்ணீர் என்று அளந்து எழுதி வையுங்கள், மே மாதம் மறுபடி அளக்கலாம். அவசரம் இல்லை என்றால் அதுவரை அட்வான்ஸ் மட்டும் பேசி நிறுத்துங்கள். ஒரு பாட்டிலில் தண்ணீர் எடுத்து வாருங்கள், என்னிடம் டி.டி.எஸ். மீட்டர் இருக்கிறது, உப்பு எவ்வளவு என்று பார்த்துவிடலாம்.

பெரம்பூர்வாசி:

சரி அண்ணா. சனிக்கிழமை கயிறும் பாட்டிலும் எடுத்துக்கொண்டு போகிறேன். மகளும் வருகிறேன் என்கிறாள், கிணறு பார்த்ததே இல்லையாம்.