நியூட்ரினோ ஆய்வகம்: 4.9 கிலோமீட்டர் சிறிய செய்தியா?

போடிக்காரர்:
"ஒரு கிலோமீட்டர் பாறைக்கு அடியில் அமையும் ஆய்வகத்திற்குச் சூழல் தாக்க மதிப்பீடு வெறும் சடங்கு" என்று இயற்பியல் ஆசிரியர் ஐயா நேற்று எழுதியதைப் படித்தபின் என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. எதிலும் எளிதில் மோதாத நுண்துகளான நியூட்ரினோவை ஆராயும் அந்த ஆய்வகத்திற்கெனத் தேர்ந்த தேனி மாவட்டத்துப் பொட்டிப்புரத்திற்கும் கேரளத்தின் மதிகெட்டான் சோலைத் தேசியப் பூங்காவிற்கும் இடையே 4.9 கி.மீ. தொலைவுதான். பூங்கா எல்லையிலிருந்து 5 கி.மீ.க்குள் வரும், வழக்கமாக மாநில அளவில் ஆராயப்படும் 'பி' பிரிவுத் திட்டத்தை 'ஏ' பிரிவாகக் கருதி மத்திய அரசின் நிபுணர் குழுவே ஆராய வேண்டும் என்பது சூழல் தாக்க மதிப்பீட்டுக்கான 2006 அறிவிக்கையின் பொது நிபந்தனை. அதைச் சுட்டித்தான் 2017 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் திட்டத்தின் சூழல் அனுமதியை நிறுத்தி வைத்தது.

இயற்பியல் ஆசிரியர்:
நூறு மீட்டர் குறைந்ததற்காக 50,000 டன் எடையுள்ள, நியூட்ரினோவைக் கண்டறியும் இரும்பு உணரியையே நாடு இழக்க வேண்டுமா? 1965இல் கோலார் தங்கச் சுரங்கத்தில் வளிமண்டல நியூட்ரினோவைக் கண்ட நாடு இது. இதேபோல் மலைக்கு அடியில் உள்ள இத்தாலியின் கிரான் சாசோ ஆய்வகம் தேசியப் பூங்காவிற்குள்ளேயே இருக்கிறது. தவிரவும், 2018இல் மத்திய அரசு அனுமதி வழங்கியது. அதைத் தீர்ப்பாயமும் ரத்து செய்யவில்லை.

போடிக்காரர்:
கிரான் சாசோவை நீங்களே எடுத்துக் கொடுத்தது நல்லதாயிற்று. 2002இல் அங்கிருந்து கசிந்த வேதிப்பொருள் ஓடையில் கலந்ததும், அதன்பின் ஆய்வுக்கூடங்கள் முடக்கப்பட்டதும் உங்களுக்குத் தெரியாதா? நியூட்ரினோ ஆளைக் கொல்லும் என்று நான் எங்கும் எழுதவில்லை, இரண்டு கி.மீ. சுரங்கப்பாதைக்கு வைக்கும் வெடியையும், வெளியே வரும் கல்லையும், மலையின் நீரோட்டத்தையும் பற்றித்தான் கேட்கிறேன். 2018 அனுமதியோ இதைச் சிறப்பு நேர்வாகக் கட்டுமானத் திட்டங்களுக்கான அறிவிக்கைப் பட்டியலின் 8(ஏ) இனத்தில் வைத்துத் தரப்பட்டது. அந்த இனத்துக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பு கிடையாது. மலையைக் குடைவதும் அடுக்குமாடி கட்டுவதும் ஒன்றா? வனவிலங்கு வாரியத்தின் ஒப்புதல் இல்லாமல் பணி தொடங்கக்கூடாது என்று அதே தீர்ப்பாயம் சொன்னதை மட்டும் ஏன் விட்டுவிட்டீர்கள்?

மேகமலை வாசகி:
இருவரும் தொலைவை அளந்துகொண்டிருக்கிறீர்கள். மதிப்பீட்டு அறிக்கையை எழுதியது கோவை சாலிம் அலி பறவையியல் மையம். பறவைகளைப் பற்றி அவர்கள் சொன்னால் தலைவணங்குவேன்; பாறை வெடிப்பைப் பற்றி அவர்கள் சொல்வதை எப்படி ஏற்பது? மாற்று இடங்களை ஒப்பிடுவதுதான் மதிப்பீட்டின் உயிர். முதலில் தேர்ந்த நீலகிரியின் சிங்காரா, முதுமலை புலிகள் காப்பகத்தை ஒட்டியிருந்ததால் 2009இல் மறுக்கப்பட்டது. அதற்குப் பிறகு வந்ததே பொட்டிப்புரம்.

இயற்பியல் ஆசிரியர்:
அம்மா, சென்ற ஆண்டு கூடங்குளம் விவாதத்திலும் நீங்கள் இப்படித்தான் அறிஞர்களின் தகுதியைக் கேள்வி கேட்டீர்கள். முப்பது ஆண்டுகள் இயற்பியல் கற்பித்தவன் நான். பாறை எனக்குப் புதிதன்று.

மேகமலை வாசகி:
உங்கள் தகுதியை நான் கேட்கவே இல்லை, ஐயா. அறிக்கையின் தகுதியைத்தான் கேட்டேன். அன்றும் இதையேதான் கேட்டேன். அன்றும் நீங்கள் பதில் தரவில்லை.

போடிக்காரர்:
கூடங்குளத்தை வேறு இழையில் பேசிக்கொள்ளுங்கள். 4.9 என்பது 5ஐவிடக் குறைவா, இல்லையா? அதற்கு ஐயா இன்னும் ஒரு வரிகூட எழுதவில்லை.

இயற்பியல் ஆசிரியர்:
எந்த இடத்திலிருந்து அளந்தீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள்: சுரங்க வாயிலிலிருந்தா, மலைக்குள் இருக்கும் ஆய்வறையிலிருந்தா?

போடிக்காரர்:
நான் அளக்கவில்லை, தீர்ப்பாயத்தின் முன் வைக்கப்பட்ட தொலைவு அது. மீண்டும் கேட்கிறேன்: குறைவா, இல்லையா?