பொருள்: 'கன்டெய்ன்மென்ட்': ட்ரூமன் பாடத்திற்கு ஒரு சொல் வேண்டும்

நண்பர்களுக்கு வணக்கம்.

கல்லூரிப் பாடநூலுக்காக அமெரிக்க அதிபர் ட்ரூமனின் வெளியுறவுக் கொள்கை பற்றிய இயலை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. சோவியத் ஆதிக்கத்தை இருந்த எல்லையிலேயே நிறுத்திவைப்பதைக் குறிக்க அமெரிக்க வெளியுறவு அதிகாரி ஜார்ஜ் கென்னன் 1947இல் ஆண்ட 'கன்டெய்ன்மென்ட்' என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. 'கட்டுப்படுத்தும் கொள்கை' என்று எழுதியிருக்கிறேன், மனம் ஒப்பவில்லை.
– செ.

செ. அவர்களுக்கு,

எப்படி ஒப்பும்? கட்டுப்படுத்தப்படுபவன் நம் கைக்குள் இருப்பவன். ஸ்டாலின் என்றைக்கு ட்ரூமன் கைக்குள் இருந்தார்? 'முற்றுகை'யும் வேண்டாம். பழந்தமிழ்ப் போர்த்திணையில் உழிஞைப் பூச் சூடுபவன் மதிலுக்குள் புக நினைப்பவன். 1947 மார்ச்சில் கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் 40 கோடி டாலர் கேட்டதும், சோவியத் வழியடைத்த மேற்கு பெர்லினுக்கு விமானத்தில் உணவும் நிலக்கரியும் அனுப்பியதும் நொச்சியார் செயல், அதாவது மதிலைக் காப்பவர் செயல். (தொல்காப்பியர் நொச்சியை உழிஞைக்குள்ளேயே அடக்குவார், அதைத் தனியே பேசலாம்.)

தொல்காப்பியத்தில், படையெடுப்பைப் பாடும் வஞ்சித் துறைகளில் 'வருவிசைப் புனலைக் கற்சிறை போல ஒருவன் தாங்கிய பெருமை' வருகிறதே! பாய்ந்து வரும் வெள்ளத்தைத் தாங்கும் கல் அணைதான் கற்சிறை. கென்னனும் சோவியத் அரசியலை, விட்ட இடமெல்லாம் பாயும் நீரோட்டம் என்றுதான் எழுதினார். 'கற்சிறைக் கொள்கை' என்று துணிந்து எழுதுங்கள். சிறை என்பது செறு என்னும் அடியிலிருந்து வந்தது என்பது என் துணிபு. வரப்பு கட்டி நீர் நிறுத்திய வயலும் செறுதானே.
– ந.

ந. ஐயா,

சான்று அருமை. ஆனால் நான் வகுப்பில் 'கற்சிறை' என்றால் மாணவர்கள் கல்லால் கட்டிய சிறைச்சாலையை நினைப்பார்கள். மேலும், தாம் எண்ணியது முதன்மையாக அரசியல் தடுப்பே, படைத் தடுப்பன்று என்று கென்னன் பின்னாளில் வருந்திச் சொன்னார். போர்த்துறைச் சொல்லை அவர்மேல் ஏற்றலாமா? 'தடுப்புக் கொள்கை' போதும்.
– மீ.

மீ. அம்மா,

அணுகுண்டைக் காட்டி அஞ்சவைக்கும் 'டெட்டரன்ஸ்' இதே இயலில் இருக்கிறது. அதையும் தடுப்பு என்றே எழுதியிருக்கிறேன். 'பரவல் தடுப்பு' என்றால் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தோடு மோதும். எனக்குக் கொரியாதான் உரைகல். 1950 அக்டோபரில் அமெரிக்கப் படை இரு கொரியாக்களையும் பிரித்த 38ஆம் இணைகோட்டைத் தாண்டியது கென்னன் சொன்ன கொள்கை அன்று, அதை மீறியது. சீனா போரில் இறங்கியபின் ட்ரூமன் பழைய கோட்டளவில் நிற்கவே முனைந்தார். போரைச் சீனாவுக்குள் விரிக்க வேண்டும் என்ற தளபதி மெக்ஆர்தரை 1951 ஏப்ரலில் நீக்கினார். 'நீ தாண்டாதே, நானும் தாண்டேன்' என்ற இரண்டும் சொல்லில் நிற்க வேண்டும்.
– செ.

அப்படியானால் 'விரிவுத் தடுப்புக் கொள்கை'. இரண்டாவது பாதியை எந்தச் சொல்லும் சுமக்காது. கொரியப் பத்தியில் விளக்கிவிடுங்கள்.
– மீ.

எனக்கும் சம்மதம். நாளை மெய்ப்புத் திருத்த வேண்டும்.
– இரா.

'விரிவுத் தடுப்பு' என்றே அனுப்புகிறேன். அனைவருக்கும் நன்றி.
– செ.

எனக்கு உடன்பாடில்லை. சொல்லடைவிலாவது கற்சிறையை அடைப்புக்குறிக்குள் சேருங்கள். 'செறு' பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.
– ந.